வீட்டுக்குள் லைட் வைத்து வளர்க்கும் செவ்வந்தி நன்றாகத் தழைக்கிறது, மொட்டு மட்டும் வைக்கவில்லை. பூக்க வைப்பது எப்படி?

தினமும் 18 மணி நேரம் லைட் எரிவதாகவும், மூன்று மாதமாக இலை மட்டுமே வருவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் செடிக்குக் குறைவது உரமில்லை, இராத்திரி. தொடர்ந்து 12 மணி நேரத்துக்குக் குறையாத இருட்டைக் கொடுங்கள், மொட்டு வைக்கும். நான் 13 மணி நேரம் கொடுக்கிறேன்: மாலை 6 முதல் காலை 7 வரை.

இவ்வளவு சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாம். ஆனால் இந்த இருட்டு விஷயத்தில் நான் பட்டது கொஞ்சமல்ல.

எனக்குப் பாளையங்கோட்டை. "வெளியில் வைத்தாலே செவ்வந்தி பூக்குமே, எதற்கு இந்த வேலை?" என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூக்கும், அதுதான் சிக்கலே. நம் திருநெல்வேலிப் பக்கம் ஆனி மாதத்தில்கூடப் பகல் 12 மணி 40 நிமிடத்தைத் தாண்டாது. மார்கழியில் 11 மணி 40 நிமிடம் வரும். வித்தியாசமே ஒரு மணி நேரம்தான். பெரும்பாலான செவ்வந்தி வகைகளுக்குப் பகல் பதின்மூன்றரை மணி நேரத்துக்குக் குறைந்தாலே பூக்கிற நினைப்பு வந்துவிடும். அதனால் தட்டட்டியில், அதாவது மொட்டை மாடியில், வைத்த குச்சி ஒரு சாண் வளர்வதற்குள் மொட்டு வைத்து, நாலு பூவோடு நின்றுவிடுகிறது. எனக்கு வேண்டியது புதர் மாதிரி செடி. தையில் அப்பாவின் திதிக்கு வீட்டுப் பூவிலேயே ஒரு முழு மாலை கட்டிப் போட வேண்டும் என்று ஆசை. அப்பாவுக்குச் செவ்வந்தி என்றால் உயிர்.

அதனால் ஆடியில் குச்சி ஊன்றி, மச்சு அறையில் எல்இடி மாட்டி, தினம் 16 மணி நேரம் வெளிச்சம் கொடுத்தேன். ஊதா நிறத்தில் எரியுமே, அந்த லைட். வேர் பிடித்து மூன்று வாரத்தில் நுனியைக் கிள்ளினேன். பக்கக் கிளைகள் வந்தன, அவற்றையும் ஒருமுறை கிள்ளினேன். புரட்டாசி கடைசியில் செடி முழங்கால் உயரம். டைமரைத் திருப்பி, காலை 6 முதல் மாலை 6 வரை மட்டும் லைட் என்று வைத்தேன். இருபத்தைந்து நாளில் மொட்டு தெரிய வேண்டும். ஐப்பசி முடிந்தது, ஒன்றும் காணோம். சாம்பல் சத்து வைத்தேன், யூரியாவை நிறுத்தினேன், தண்ணீரைக் குறைத்தேன். இலைதான் வந்தது.

காரணம் என் கண் முன்னால்தான் இருந்தது. அக்கா மகன் எங்கள் வீட்டில் தங்கி குரூப் 4 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தான். கீழே தார்சாவில் டிவி சத்தம். அதனால் தினமும் இரவு பத்து மணிக்கு மேல் மச்சில் உட்கார்ந்து, டியூப் லைட் போட்டு, பன்னிரண்டரை வரை படிப்பான். டைமரை நிறுத்தினால் இராத்திரி வந்துவிட்டது என்று நான் நினைத்தேன். நீண்ட இருட்டின் நடுவில் இரண்டு மணி நேரம் வெளிச்சம் வந்தால், செடிக்கு அது இரண்டு சின்ன இராத்திரிதான். செடி அளப்பது பகலை அல்ல, அறுபடாத இருட்டை. 1938இலேயே அமெரிக்காவில் ஹாம்னர், பானர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் வேறொரு செடியில் இதைக் காட்டிவிட்டார்கள். பெரிய பூப்பண்ணைகளில் செவ்வந்தி பூக்காமல் இருக்க வேண்டுமானால், வேண்டுமென்றே நடு இராத்திரியில் லைட் போடுவார்கள். அதை என் வீட்டில் எனக்குத் தெரியாமலே செய்துகொண்டிருந்தேன்.

இதற்கு நடுவில்தான் அந்த விஷயம் நடந்தது. எழுதலாமா என்று யோசித்தேன், எழுதிவிடுகிறேன்.

ஊதா லைட் எரிந்த மாதங்களில் ஜன்னல் வழியே தெருவுக்கு வெளிச்சம் அடித்திருக்கிறது. செவ்வந்தி இலையைக் கிள்ளினால் காரமாக ஒரு வாடையும் வரும். நான் கஞ்சா வளர்க்கிறேன் என்று யாரோ பேச, அது தெரு முழுக்கப் பரவியிருக்கிறது. கார்த்திகை முதல் வாரம் ஒரு சாயங்காலம் இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். மச்சில் ஏறிப் பார்த்தார்கள்.

"என்ன செடி இது?"

"செவ்வந்தி சார்."

"செவ்வந்திக்கு எதுக்கு இம்புட்டு லைட்டு?"

சொன்னேன். ஒருவர் இலையைக் கசக்கி முகர்ந்து பார்த்தார். அக்கா மகனின் பெயர், ஊர், என்ன படித்திருக்கிறான் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்கள் வேலையை அவர்கள் செய்தார்கள், அதில் குறையில்லை. சொல்லிவிட்டவர் யார் என்று எனக்குத் தெரியும். இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அன்று இராத்திரி பையன் சாப்பிடவில்லை. "மாமா, நாளைக்கு வேலை கெடச்சு விசாரணைக்கு வந்தா இது வருமா?" என்று கேட்டான். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

இணையத்தில் இது பற்றித் தேடினால் 18 மணி நேர லைட்டிலிருந்து 12க்கு மாற்று என்று வருவதில் பெரும்பகுதி வெளிநாட்டுக்காரர்கள் கஞ்சாவுக்காக எழுதியது. அதுவும் நீண்ட இராத்திரியில் பூக்கும் இனம், அதனால் கணக்கு ஒத்துப்போகிறது. நம் நாட்டில் அதை அனுமதியில்லாமல் வளர்த்தால் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி பத்து வருடம் வரை கடுங்காவல். அதற்குத்தான் வழி சொல்கிறேன் என்று யாரும் பின்னூட்டம் போட வேண்டாம். நான் வளர்த்தது பூ.

மறுநாளே ஜன்னலைக் கருப்புத் தார்ப்பாய் போட்டு மூடினேன், அவமானத்தில். பையன் அப்புறம் மச்சுக்கு ஏறவே இல்லை. டிவியை நிறுத்திவிட்டு அவனைத் தார்சாவிலேயே படிக்க வைத்தோம். அந்த அறைக்கு முதல்முறையாக உண்மையான இராத்திரி கிடைத்தது. மார்கழி பிறந்து சில நாளில், கிளை நுனியில் மிளகு அளவில் பச்சை உருண்டைகள். அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது.

உங்கள் வீட்டிலும் அந்த அறையில் யாராவது இராத்திரி புழங்குவார்கள். முதலில் அதை நிறுத்துங்கள். தெருவிளக்கு உள்ளே விழுகிறதா என்று, லைட்டை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் உள்ளே நின்று பாருங்கள். புத்தக எழுத்து தெரிந்தால் அந்த வெளிச்சமே கெடுத்துவிடும். நிலா வெளிச்சம் ஒன்றும் செய்யாது. செடியை முழுசாக மூடுங்கள், நுனியை மட்டும் மூடிப் பயனில்லை. இருட்டை உணர்வது இலைதான். 1930களில் சோவியத் விஞ்ஞானி சைலாக்யான் செவ்வந்தியை வைத்தே இதைக் கண்டுபிடித்தார். மாற்றிய பிறகும் செடி நன்றாக உயரும், அதனால் நீங்கள் விரும்பும் உயரத்தில் பாதி வந்ததுமே மாற்றிவிடலாம். மொட்டு தெரிந்துவிட்டதே என்று இருட்டை விட்டுவிடாதீர்கள், இதழில் நிறம் தெரியும்வரை தொடருங்கள். சித்திரை வெயிலில் முயற்சி செய்யாதீர்கள். இராத்திரி புழுங்கினால், இருட்டு சரியாக இருந்தாலும் மொட்டு தாமதமாகும். ஐப்பசி மழைக்குப் பிறகு தொடங்கினால் நல்லது.

போன மாதம் ஒரு கல்யாண வீட்டுக்குப் போனேன். மேடை முழுக்கத் துணிப்பூ, பிளாஸ்டிக் செவ்வந்தி. ஆச்சி ஊரான சங்கரன்கோவில் பக்கம் பிச்சியும் கேந்தியும் விற்றுப் பிள்ளைகளைப் படிக்க வைத்த குடும்பங்கள் எத்தனையோ உண்டு. அவர்கள் பூவை வாங்க ஆளில்லாமல், கழுவிக் கழுவிப் பத்து கல்யாணத்துக்கு மாட்டுகிற பூவுக்கு வாடகை கொடுக்கிறோம். எனக்கு அங்கே சாப்பாடு இறங்கவில்லை.

எங்கள் செடி தை இரண்டாவது வாரம் மலர்ந்தது, இருட்டு கிடைத்து ஏறத்தாழ ஒன்பது வாரத்தில். மஞ்சள். ஏழு செடியிலும் பறித்து, அக்காவே உட்கார்ந்து கட்டினாள். அப்பா படத்தின் இரு பக்கமும் தரை தொடத் தொங்கியது. பையன்தான் மாலையைப் போட்டான்.

பூ முடிந்ததும் செடியை ஒரு சாண் விட்டு வெட்டி, மறுபடி நீண்ட வெளிச்சத்தில் வையுங்கள். அடியிலிருந்து புதுக் கிளை வரும், அதில் குச்சி எடுத்துக்கொள்ளலாம். ஜன்னலை மட்டும் முதல் நாளிலேயே மூடிவிடுங்கள்.