வாசகர் கேள்வி – பதில்: காபரேட்டர்களை வீட்டிலேயே சமப்படுத்துதல்

கேள்வி: என்னிடம் நான்கு சிலிண்டர் ஹொண்டா சிபி 400 இருக்கிறது. ஓடும்போது பெரிய குறை தெரிவதில்லை; ஆனால் சந்தியில் நிற்கும்போது கைபிடி நடுங்குகிறது, ஐடிலிங் (துரொட்டிலைத் திருகாதபோது எஞ்சின் ஓடும் வேகம்) ஏறி இறங்குகிறது. பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் நான்கு காபரேட்டர்களையும் சமப்படுத்த வேண்டும் என்று கராஜில் கூறினார்கள். அதற்கான கருவியை நானே வாங்க நினைக்கிறேன். பாதரசக் குழாய், நான்கு வட்டக் கேஜ்கள், உருக்குக் கம்பிகள் ஏறி இறங்கும் கருவி ஆகிய மூன்றில் எது நல்லது?
– வாசகர், உவர்மலை

பதில்: கருவி எதை அளக்கிறது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். காபரேட்டருக்குள் காற்று வழியைத் திறந்து மூடும் துரொட்டில் தகட்டுக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள வழியில் பிஸ்டன் காற்றை இழுக்கும்போது வெக்கியூம், அதாவது உறிஞ்சும் இழுவை, உண்டாகிறது. நான்கு தகடுகளும் ஒரே அளவு திறந்திருந்தால் நான்கு வழிகளிலும் ஏறத்தாழ ஒரே வெக்கியூம் இருக்கும். கருவி காட்டுவது இதை மட்டுமே. வால்வு இடைவெளி குறைந்திருந்தாலும் காபரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் மனிஃபோல்ட் ரப்பர் வெடித்துக் காற்றை இழுத்தாலும் அதே அளவு மாறும் என்பதால், அவற்றைப் பார்க்காமல் திருகாணியைத் திருகிச் சமன் காட்டுவது, காய்ச்சல்மானியை உதறிவிட்டுக் காய்ச்சல் இறங்கிவிட்டது என்பதைப் போன்றதாகும். ஆகவே வால்வு இடைவெளி, பிளக், எயார் ஃபில்டர், ரப்பர்கள் ஆகியவற்றை முதலில் சரிபாருங்கள். அத்துடன் குளிர்ந்த எஞ்சினை இயக்கி ஒரு நிமிடம் கழித்து, நான்கு புகைக்குழாய்களின் மேற்பகுதியிலும் ஒவ்வொரு துளி நீரைத் தெளித்துப் பாருங்கள். மூன்றில் நீர் சீறி மறைந்து, ஒன்றில் மட்டும் வழிந்து நின்றால், அந்தச் சிலிண்டர் எரியவில்லை. பெரும்பாலும் ஐடிலிங்குக்குப் பெற்றோல் கொடுக்கும் சிறு துவாரமுள்ள பைலட் ஜெட் அடைத்திருக்கும், அல்லது பிளக்கில் பொறி இருக்காது. அதைச் சமப்படுத்தும் கருவியால் குணமாக்க முடியாது.

இனிக் கருவிக்கு வருவோம். பாதரசக் குழாய் துல்லியமானதுதான்; ஆனாலும் வீட்டுக்கு வேண்டாம். சிலிண்டர்களுக்கிடையே வித்தியாசம் மிகுந்தாலோ, துரொட்டிலைத் திடீரென மூடினாலோ பாதரசம் எஞ்சினுக்குள் இழுபட்டு நச்சு ஆவியாகப் புகையோடு வெளியேறலாம். தரையில் சிந்தினால் பொறுக்கி எடுப்பதும் எளிதன்று. அலுமினியத்தையும் அது அரிக்கும். வட்டக் கேஜ்கள் மலிவானவை, ஆனால் பெட்டியிலிருந்து எடுத்த நான்கும் ஒரே அளவைக் காட்டும் என்று நம்பிவிடக் கூடாது. நான்கையும் ஒவ்வொன்றாக ஒரே சிலிண்டரில் பொருத்தி, ஒவ்வொன்றும் காட்டும் அளவைத் தாளில் குறித்து, வித்தியாசத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் அவையே போதும். ஊசி படபடவென்று ஆடினால் குழாயிலுள்ள சிறு வால்வைச் சற்று மூடுங்கள். முழுவதும் ஆடாமல் நின்றுவிட்டால் அளவீடு பொய்யாகும், மெல்லிய துடிப்பு இருக்க வேண்டும். உருக்குக் கம்பிக் கருவியில் நான்கு தூண்களும் அருகருகே நிற்பதால், எண்ணை வாசிக்காமல் கண்ணாலேயே ஒப்பிடலாம். நான்கு சிலிண்டருக்குப் பணம் செலவழிப்பதானால் நான் அதையே வாங்குவேன்.

கேள்வி: கருவி வாங்கிவிட்டேன். எந்தத் திருகாணியை முதலில் தொடுவது?
– வாசகர், அலஸ்தோட்டம்

பதில்: முதலில் தொட வேண்டியவை வெக்கியூம் துவாரங்களை மூடியிருக்கும் சிறு திருகாணிகள். நமது கடற்கரைக் காற்றில் அவை அலுமினியத்தோடு ஒட்டிப்போயிருக்கும். என்னுடைய பழைய மோட்டார் சைக்கிளில் அவசரப்பட்டு ஒன்றின் தலையை உடைத்து, மீதியை எடுக்க ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைச் செலவழித்தேன். முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டு, ஜப்பானியத் திருகாணித் தலையின் கூட்டல் வடிவப் பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்குரூ டிரைவரால், கீழ்நோக்கி அழுத்தியபடி திருகுங்கள். கருவியின் குழாயை இணைக்க அவ்விடத்தில் பொருத்தும் அடப்டரின் மரை அளவை வாங்குவதற்கு முன்னரே சரிபாருங்கள். 5 மில்லிமீற்றரும் 6 மில்லிமீற்றரும் பார்வைக்கு அதிகம் வேறுபடுவதில்லை.

பெற்றோல் தாங்கியைக் கழற்றினால் சிறு போத்தலிலிருந்து பெற்றோல் கொடுக்கலாம், ஆனால் சூடான எஞ்சினுக்கு மேலே அது ஒழுகக் கூடாது. சில மோட்டார் சைக்கிள்களில் தாங்கியின் பெற்றோல் வால்வே வெக்கியூமால்தான் திறக்கும் என்பதால், அந்த இணைப்பை எடுத்த துவாரத்தை அடைக்க மறந்தால் காற்று புகுந்து அளவு முழுவதும் குழம்பும். எஞ்சின் நன்றாகச் சூடேறிய பின்னர், திறந்த வெளியில், முன்னால் ஒரு மின்விசிறியை வைத்து வேலையைத் தொடங்குங்கள்.

நான்கு காபரேட்டருக்குச் சமப்படுத்தும் திருகாணிகள் மூன்றே இருக்கும். ஒரு காபரேட்டர் அடிப்படையாக நிற்க, மற்றவை அதற்கு இணங்க வேண்டும். எது அடிப்படை என்பது மாதிரிக்கு மாதிரி வேறுபடுவதால் சேர்விஸ் கையேட்டைப் பார்ப்பதே வழி. ஒரு தடவைக்கு எட்டில் ஒரு சுற்றுக்கு மேல் திருகாதீர்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னரும் துரொட்டிலை ஒரு முறை திறந்து விட்டு, அளவு நிலைத்த பின்னரே பாருங்கள். ஸ்குரூ டிரைவரின் அழுத்தமே இணைப்பை வளைத்துப் பொய்யளவு காட்டும். ஐடிலிங் வேகம் மாறினால் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து தொடருங்கள்.

கேள்வி: எனது மோட்டார் சைக்கிளுக்கு இரண்டு சிலிண்டர், இரண்டு காபரேட்டர். அப்பா மேசன். அவர் நீர் ஊற்றி மட்டம் பார்க்கும், உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயால் இந்த வேலையைச் செய்யலாமா?
– வாசகர், கிண்ணியா

பதில்: தாராளமாகச் செய்யலாம், சொல்லப்போனால், இரண்டு சிலிண்டருக்கு அதைவிட நுட்பமான கருவியை நீங்கள் கடையில் வாங்க மாட்டீர்கள். இரண்டு மீற்றர் உயரமான பலகையில் குழாயை ‘யூ’ வடிவில் கட்டி, கீழ்ப்பகுதியில் டூ ஸ்ட்ரோக் எண்ணெயை ஊற்றி, இரு முனைகளையும் இரு துவாரங்களில் பொருத்துங்கள். எந்தப் பக்கம் எண்ணெய் ஏறுகிறதோ அந்தப் பக்கம் இழுவை அதிகம், அதாவது அந்தத் தகடு மற்றதைவிடக் குறைவாகத் திறந்திருக்கிறது. பாதரசத்தில் 1 சென்ரிமீற்றராகத் தெரியும் வித்தியாசம் எண்ணெயில் ஏறத்தாழ 15 சென்ரிமீற்றராகத் தெரியும். கையேடுகள் பொதுவாக 2 அல்லது 3 சென்ரிமீற்றர் பாதரச வித்தியாசத்தை ஏற்றுக்கொள்வதால், உங்கள் குழாயில் ஒரு கையளவு வித்தியாசம் இருந்தாலே வேலை முடிந்தது எனலாம்.

அந்த நுட்பமே ஆபத்தும் ஆகும். தொடக்கத்தில் வித்தியாசம் மிகுந்திருந்தால் ஒரு நொடியில் எண்ணெய் முழுவதும் எஞ்சினுக்குள் போய்விடும். ஆகவே காபரேட்டர்களைக் கழற்றியிருக்கும்போதே 1 மில்லிமீற்றர் துளைப்பான் அலகை இரு தகடுகளின் கீழும் வைத்து, இரண்டும் ஒரே இறுக்கத்தில் பிடிக்கும்படி சரிசெய்துகொள்ளுங்கள். எஞ்சினை இயக்கும்போது குழாயை இரு விரல்களால் நெரித்துப் பிடித்து, மெல்ல மெல்லத் தளர்த்துங்கள். நீரை ஊற்ற வேண்டாம். டூ ஸ்ட்ரோக் எண்ணெய் சிறிது உள்ளே போனாலும் வெண்புகையாக எரிந்து தீரும். துடிப்பு அதிகமாக இருந்தால் மீன் தொட்டிக்கு விற்கும் சிறு வால்வுகள் இரண்டை, பக்கத்துக்கு ஒன்றாகப் பொருத்துங்கள். முடிவில் இரு முனைகளையும் இடம் மாற்றிப் பொருத்தி, அதே மட்டம் வருகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: எனது 125 சிசி ஒற்றைச் சிலிண்டருக்கும் இது தேவையா?
– வாசகர், நிலாவெளி

பதில்: தேவையில்லை. ஒரே காபரேட்டரை எதனோடு சமப்படுத்துவது? ஐடிலிங் சரியில்லையென்றால் பைலட் ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்து, துவாரத்தின் வழியே ஒளி தெரிகிறதா என்று பாருங்கள்.