மொழிப் பகுதியில் 82 வந்தால் வீட்டில் தமிழை நிறுத்த வேண்டுமா?

நியூ ஜெர்சியிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியில் கோகாட் (CogAT) என்ற சிந்தனைத் திறன் தேர்வு வைத்தார்கள். மொழிப் பகுதியில் 82, எண் பகுதியில் 97, வடிவப் பகுதியில் 95, மூன்றும் சேர்த்து 95. பள்ளி கேட்டது 97. கிஃப்டட் வகுப்பில், அதாவது உயர்திறன் பிள்ளைகளுக்கான வகுப்பில், இடமில்லை என்று கடிதம் வந்துவிட்டது. "வீட்டில் தமிழ் மட்டுமே பேசியது எங்கள் தவறா? இனி ஆங்கிலத்துக்கு மாறிவிடலாமா? வெளியில் ஐ.க்யூ. டெஸ்ட் எடுக்கலாமா?" என்று கேட்கிறார்.

தமிழை நிறுத்தாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

முதலில் அந்த 82. நம் ஊரில் படித்த கண்ணுக்கு அது நூற்றுக்கு 82 மார்க் மாதிரியே தெரியும். மார்க் இல்லை, பெர்சென்டைல். நாடு முழுவதும் அவள் வயதுப் பிள்ளைகள் நூறு பேரை வரிசையில் நிறுத்தினால், ஏறக்குறைய 82 பேருக்கு இணையாகவோ மேலாகவோ நிற்கிறாள் என்று பொருள். நடுவில் இருக்கும் பிள்ளைக்கு 50 வரும். ஆக, உங்கள் மகள் மொழியில் பின்தங்கியவள் இல்லை. மற்ற இரண்டும் அவ்வளவு உயரத்தில் இருப்பதால் இது பள்ளமாகத் தெரிகிறது.

அறிக்கையில் '8பி (வி-)' என்பது போல ஒரு சிறு குறியீடு இருக்கும். பெரும்பாலான பெற்றோர் அதைக் கவனிப்பதே இல்லை. எனக்கு அதுதான் முக்கியம். 8 என்பது ஒன்பதுபடி அளவில் அவளுடைய பொதுவான நிலை. பி என்றால் ஒரு பகுதி மட்டும் மற்ற இரண்டிலிருந்து விலகி நிற்கிறது. வி என்பது மொழிப் பகுதி (வெர்பல்). வி மைனஸ் என்றால் அந்தப் பகுதி மட்டும் மற்றவற்றைவிடத் தணிந்திருக்கிறது.

ஏன் தணிந்தது? இந்த வயதுக்கான தாளில் பெரும்பாலும் படங்கள்தான். ஆனால் மொழிப் பகுதியின் மூன்று பிரிவுகளில் ஒன்றில் ஆசிரியர் கேள்வியை வாசிப்பார், பிள்ளை பொருத்தமான படத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நானே ஓர் உதாரணம் சொல்கிறேன். ஆசிரியர் 'ஃபாசெட்' என்கிறார். உங்கள் வீட்டில் அது குழாய். அப்பா ஆங்கிலத்தில் சொன்னாலும் 'டேப்' என்பார். பிள்ளைக்குப் பொருள் தெரியும், அது எதற்கு என்றும் தெரியும். அந்த ஒரு சொல் காதில் விழுந்ததில்லை, அவ்வளவுதான். இது சிந்தனைக் குறை இல்லை.

தேர்வை உருவாக்கியவர்களும் இதை யோசித்திருக்கிறார்கள். வாசித்துக் கேட்கும் அந்தப் பிரிவை விட்டுவிட்டுக் கணக்கிடும் மாற்று மொழி மதிப்பெண் ஒன்று இந்த வயது நிலைகளுக்கு உண்டு. எண்ணையும் வடிவத்தையும் மட்டும் சேர்த்த கூட்டு மதிப்பெண்ணும் உண்டு. இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். வீட்டு மொழி தமிழ் என்று பள்ளியில் பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஆங்கிலம் என்று எழுதிக்கொடுத்த பெற்றோர் நிறையப் பேர்.

உங்கள் மாநிலச் சட்டம் இங்கே துணை நிற்கிறது. நியூ ஜெர்சியில் 2020 ஜனவரியில் கையெழுத்தான சட்டப்படி, ஒரே தேர்வை வைத்துப் பிள்ளையைத் தீர்மானிக்கக் கூடாது, பல அளவுகோல்கள் வேண்டும். ஒன்றோ அதற்கு மேற்பட்டதோ ஆன பாடங்களில், அதே பள்ளி மாவட்டத்துச் சம வயதினரோடு ஒப்பிடும்போது உயர்ந்த திறன் இருந்தால் போதும் என்பதே அங்கே வரையறை. கணிதத்தில் மட்டும் இருந்தாலும் அது கணக்கில் வரும். ஆகவே "97 எடுக்கவில்லையே" என்று கெஞ்ச வேண்டாம். "கணிதத்துக்கு வேறு எந்த அளவுகோல்களைப் பார்த்தீர்கள்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். வகுப்பாசிரியரின் கருத்து, அவள் செய்த வேலைகள் எல்லாம் சேர வேண்டும். மேல்முறையீட்டுக்குக் கெடு இருந்தால் கடிதத்திலேயே இருக்கும், இன்றே பாருங்கள்.

ஐ.க்யூ. டெஸ்ட் பற்றி. விஸ்க் (WISC) போன்ற தேர்வை உளவியலாளர் பிள்ளையோடு தனியாக உட்கார்ந்து நடத்துவார், ஆறு வயதிலிருந்து எடுக்கலாம். பல நூறு டாலர் ஆகும். பள்ளி மாவட்டம் வெளி அறிக்கையை ஏற்குமா என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள். ஏற்காத இடங்கள் உண்டு.

கோச்சிங்? தாளின் அமைப்பு பழக, மாதிரிக் கேள்விகள் கொஞ்சம் போட்டுப் பார்ப்பது தவறில்லை. காகிதத்தை மடித்துத் துளை போட்டு, பிரித்தால் எத்தனை துளை எங்கெங்கே இருக்கும் என்று கேட்கும் பகுதியை வீட்டிலேயே கத்தரிக்கோலோடு விளையாடலாம். மாதக்கணக்கில் தாள் தாளாகத் திணித்தால் மதிப்பெண் ஏறலாம். ஆனால் அது அவளைப் பற்றி உண்மை சொல்லாது. அந்த வேகத்துக்கு வைத்த வகுப்பில் போய் உட்காரப்போவது அவள்தான். ஏழு வயதுப் பிள்ளையை அந்த இடத்தில் நிறுத்தாதீர்கள்.

மொழிக்கு நான் சொல்வது விடுகதை. "அடிக்கவில்லை, திட்டவில்லை, அழ வைப்பாள். யார்?" என்று கேளுங்கள். வெங்காயம் என்று சொன்னதும் விட்டுவிடாதீர்கள். எப்படிக் கண்டுபிடித்தாய், அதே மாதிரி வேறு எது என்று தமிழிலேயே பேசவிடுங்கள். பொருளுக்குப் பொருள் ஒப்பிடுவதும் இனம் பிரிப்பதும்தான் அந்தத் தாள் தேடுவது. அப்புறம், சமையலறையில் நிற்கும்போது, அந்தக் குழாய்க்குப் பள்ளியில் என்ன பெயர் என்று அவளையே கேளுங்கள். தெரியாவிட்டால் சொல்லிக்கொடுங்கள், ஒரு நிமிட வேலை.