சிறப்புக் கவிஞருக்கு 20 நிமிடம்

கேள்வி: ஒரு தேநீர்க் கடை மாடியில் வியாழன்தோறும் 'ஓப்பன் மைக்' கவிதை மாலை நடத்துகிறோம்; பெயர் கொடுக்கும் யாரும் மேடையேறித் தங்கள் கவிதையை வாசிக்கலாம். வாரம் ஒரு தலைப்பு, வாரம் ஒரு சிறப்புக் கவிஞர். வருகிற விருந்தினர் பலரும் தலைப்பைத் தொடுவதே இல்லை. முக்கால் மணி நேரம் வாசிக்கிறார்கள். எங்கள் பிள்ளைகளோ தங்கள் கவிதையை வாசித்ததும் கிளம்பிவிடுகிறார்கள். கடைசியில் விருந்தினர் பேசும்போது பத்து நாற்காலிகூட நிறைவதில்லை. விருந்தினரை அழைப்பதையே நிறுத்திவிடலாமா?
- வாசகி, கோயம்புத்தூர்

பதில்: நிறுத்த வேண்டாம். முதன்முதலாக மைக் முன் நிற்கப்போகும் பிள்ளைக்கு, தேர்ந்த ஒருவர் எந்த வரியில் மூச்சு விடுகிறார், எங்கே மௌனம் காக்கிறார் என்று நான்கடி தூரத்தில் உட்கார்ந்து கேட்கக் கிடைப்பது பெரிய பேறு. அழைக்கும் விதத்தையும் வரிசையையும் மாற்றினாலே நீங்கள் சொல்லும் சிக்கல்களில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

முதலில் தலைப்பு. நீங்கள் தலைப்பை முடிவுசெய்துவிட்டு அதற்கு ஆள் தேடுகிறீர்கள் என்று தோன்றுகிறது. ஒரு வார அவகாசத்தில் 20 நிமிடத்துக்குப் புதிதாக எழுத யாராலும் முடியாது. அதனால் கையிலிருக்கும் பழைய கவிதைகளோடு வந்துவிடுகிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். மூன்று வாரம் முன்பே கவிஞரை முடிவுசெய்து, அவர் வாசிக்க விரும்பும் ஆறேழு கவிதைகளை வாங்கிப் படியுங்கள். தலைப்பு அதற்குள்ளேயே இருக்கும். அதைப் பொருளாகவோ இடமாகவோ வையுங்கள்: 'சாவி', 'அடகுக் கடை', 'கடைசிப் பேருந்து'. 'காதல்', 'தாய்மை' என்று வைத்தால் 12 பேரும் ஒரே கவிதையை எழுதிக்கொண்டு வருவார்கள்.

அடுத்தது நேரம். நம் கவிஞர்களில் பலர் கவியரங்கத்தில் பழகியவர்கள். அங்கே நல்ல வரியை இரண்டு முறை சொல்வது மரபு; கூட்டமும் 'மறுபடி' என்று கேட்கும். அழகான மரபுதான். ஆனால் வீட்டில் மனத்துக்குள் படித்துப் பார்த்து 15 நிமிடம் என்று கணக்கிட்டது மேடையில் 30 நிமிடமாவது இதனால்தான். திருப்பிச் சொல்வதையும் கவிதைகளுக்கு நடுவே பேசுவதையும் சேர்த்து, வாய்விட்டு வாசித்து நேரம் பார்த்துவரச் சொல்லுங்கள். 17ஆவது நிமிடத்தில் முன்வரிசையிலிருந்து 'இன்னும் ஒரு கவிதை' என்று எழுதிய அட்டை உயரும் என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள். தெரிந்து வருகிறவர் புண்பட மாட்டார். அட்டையை யாராவது திடீரென்று நீட்டினால்தான் மனவருத்தம்.

இனி வரிசை. சிகாகோவில் மார்க் ஸ்மித் 1986இல் கிரீன் மில் என்ற மதுக்கூடத்தில் ஞாயிறுதோறும் தொடங்கிய கவிதை இரவில் முதலில் ஓப்பன் மைக், நடுவில் விருந்தினர், கடைசியில் 'ஸ்லாம்' எனும் போட்டி. விருந்தினர் நடுவில் வருவதைக் கவனியுங்கள். போட்டிக்காகக் காத்திருக்கும் கூட்டம் அவரைக் கேட்டுவிடுகிறது. உங்களிடம் போட்டி இல்லை. அந்த இடத்தில் ஓப்பன் மைக்கின் இரண்டாம் பாதியை வையுங்கள். 6.45க்குத் தொடக்கம், ஐந்து நிமிடம் வரவேற்பு. பிறகு ஏழு பேர், ஆளுக்கு நான்கு நிமிடம் வாசிப்பு, ஒரு நிமிடம் ஏறி இறங்க. 7.25க்கு தேநீர். 7.35 முதல் 7.55 வரை விருந்தினர். அதன்பின் ஐந்து பேர். 8.20க்கு முடிந்துவிடும். பெயர் கொடுத்தவர்கள் 12 பேருக்கு மேல் போனால், மீதமுள்ளவர்களுக்கு அடுத்த வாரம் முதலிடம்.

யார் எப்போது என்பதை முன்கூட்டி ஒட்டிவைக்காதீர்கள். பெயர்ச் சீட்டுகளை ஒரு டப்பாவில் போட்டு, ஒவ்வொருவர் முடித்த பிறகும் அடுத்த சீட்டை எடுங்கள். தன் பெயர் எப்போது வரும் என்று தெரியாதவர் எழுந்து போக மாட்டார். முதல் பாதியிலேயே வாசித்துவிட்டவர் சிலர் போகத்தான் செய்வார்கள். அதற்கு மருந்து விருந்தினரிடமே இருக்கிறது. அவர் 6.45க்கே வந்து உட்கார்ந்து, முதல் பாதியில் கேட்ட ஒரு வரியைத் தன் வாசிப்புக்கு முன் பெயர் சொல்லிக் குறிப்பிட்டால், அந்தப் பிள்ளை அன்றைக்கு மட்டுமல்ல, அடுத்த வாரமும் கடைசிவரை இருக்கும். எனவே தன் நேரத்துக்கு மட்டும் வந்துபோகும் கவிஞரை, எவ்வளவு பெரியவராயினும், இந்த மேடைக்கு அழைக்காதீர்கள்.

அறிமுகம் ஒரு நிமிடம். அடைமொழிகளும் விருதுப் பட்டியலும் வேண்டாம்; அவருடைய ஒரு வரியைச் சொல்லி அழையுங்கள். மைக் தலையை உள்ளங்கையால் மூடிப் பிடித்தால் கீச்சென்று கூவும். காம்பைப் பிடிக்கச் சொல்லுங்கள், வாய்க்கு நான்கு விரல் தள்ளி. ஸ்பீக்கர் எப்போதும் மைக்குக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்தபடி இருக்கட்டும்.

பொன்னாடைக்கும் நினைவுப் பரிசுக்கும் செலவாகும் பணத்தை உறையில் போட்டுக் கொடுங்கள். 40 பேர் ஆளுக்கு 50 ரூபாய் தந்தால் 2,000. அதில் 1,500 கவிஞருக்கு, மீதி மைக் வாடகைக்கு. வெளியூர்க்காரருக்குப் பயணச் செலவு தனி. அன்றிரவே கையில் கொடுக்க வேண்டும்; 'பிறகு அனுப்புகிறோம்' என்பது கவிஞர்கள் கேட்டுச் சலித்த வாக்கியம். வாரந்தோறும் இது கட்டாது என்றால், மாதம் இரண்டு விருந்தினர் போதும். மற்ற வாரங்களில் உங்கள் பிள்ளைகளில் ஒருவருக்கே 15 நிமிடம் கொடுங்கள். விருந்தினர் கடைசி நேரத்தில் வர முடியாமல் போகும் நாளில் மேடையைக் காக்கப்போகிறவரும் அவர்தான்.

அழைப்பைப் பேச்சோடு விடாமல் எழுத்தில் அனுப்புங்கள். இப்படி:

'வணக்கம் ஐயா. வரும் 3ஆவது வியாழன் எங்கள் மேடைக்கு வர வேண்டுகிறோம். உங்கள் கவிதைகளிலிருந்தே அன்றைய தலைப்பை எடுக்கிறோம். ஆறேழு கவிதைகள் அனுப்பித் தாருங்கள். மாலை 6.45க்கு வந்து பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்க வேண்டும். உங்கள் நேரம் 7.35 முதல் 7.55 வரை, 17ஆவது நிமிடத்தில் அட்டை காட்டுவோம். சன்மானம் 1,500 ரூபாய், அன்றே தருவோம். உங்கள் நூல்களை வாசலருகே மேசையில் விற்கலாம். நீங்கள் சம்மதித்தால் மட்டுமே வீடியோ எடுப்போம்.'