சிங்கப்பூர்கிட்ட இவ்ளோ காசு இருந்தும் ஒலிம்பிக்ஸ்ல மொத்தமே ஆறு மெடல் தானா? ஏன்?

ஆமாங்க, ஆறே ஆறு தான். ஒரு தங்கம், ரெண்டு வெள்ளி, மூணு வெண்கலம். 1948 லண்டன்ல ஆரம்பிச்சு 2024 பாரிஸ் வரைக்கும் சேத்தே அவ்ளோ தான். நான் 2006ல இங்க வந்தவன், புதுக்கோட்டைப் பக்கம் ஊரு, இப்ப பிஆர், அதாவது நிரந்தரவாசி. விளையாட்டுல பெரிய நிபுணன் எல்லாம் கிடையாது, ஆனா எங்க அடுக்குமாடி புளோக் கீழ இருக்குற கோப்பிக்கடையில உக்காந்து இதே கேள்விய எத்தனையோ பேர்கிட்ட நானே கேட்டிருக்கேன், அதுவும் போக என் பையன் ஸ்கூல் டீம்ல 400 மீட்டர் ஓடுனவன், அதனால கொஞ்சம் கிட்டக்க நின்னு பாத்திருக்கேன்னு வெச்சுக்கங்க.

மொதல்ல "சின்ன நாடு, ஆளு கம்மி, அதான்"ன்னு சொல்றத நான் ஒத்துக்க மாட்டேன். ஜமைக்கால 30 லட்சம் பேரு கூட இல்ல. கிரெனடான்னு ஒரு தீவு, லட்சத்துச் சொச்சம் ஜனம், எங்க புதுக்கோட்டை டவுன் அளவுக்குத் தான் இருக்கும், அங்கேருந்து கிரானி ஜேம்ஸ்னு ஒரு பையன் வந்து 2012ல 400 மீட்டர் தங்கம், அடுத்ததுல வெள்ளி, அதுக்கடுத்ததுல வெண்கலம்னு மூணு நிறத்தையும் வாங்கிட்டுப் போயிட்டான். சிங்கப்பூர்ல 60 லட்சம் பேரு இருக்கோம், அதுல குடிமக்கள் மட்டும்னு எடுத்தாலும் 35 லட்சத்துக்கு மேல. அப்ப ஆளுக் கணக்கு மட்டும் காரணம் இல்ல.

சரி, கதைய ஆரம்பத்துலேருந்து பாப்போம். 1948ல சிங்கப்பூர் அனுப்புனது ஒரே ஒரு ஆள். லாயிட் வால்பர்க், உயரம் தாண்டுறவர். டீமும் அவர் தான், கொடி புடிச்சதும் அவர் தான். 14வது இடத்த இன்னும் சில பேரோட பகிர்ந்துக்கிட்டாரு. இந்தப் பேர ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி வருவாரு. 1951ல டெல்லில நடந்த மொத ஆசிய விளையாட்டுல நியோ ச்வீ கோக்னு ஒரு நீச்சல்காரர் ரிலேயும் சேத்து நாலு தங்கம் எடுத்தாரு, இத இங்க உள்ள பசங்க கிட்டயே கேட்டா முழிக்கிறாங்க.

அப்புறம் 1960 ரோம். டான் ஹோவ் லியாங், எடை தூக்குறவர், 67.5 கிலோ பிரிவு. 1958லயே காமன்வெல்த் தங்கம், ஏசியன் கேம்ஸ் தங்கம் ரெண்டும் வாங்குன ஆளு. ரோம்ல போட்டி நடக்குறப்பவே கால் வலி தாங்க முடியாம, டாக்டருங்க ஆஸ்பத்திரிக்குப் போன்னு சொல்லியும் கேக்காம கடைசி லிஃப்ட தூக்கி முடிச்சு மொத்தம் 380 கிலோ. சோவியத்காரர் புஷுயேவ் 397.5 தூக்கி தங்கம் எடுத்தாரு. ஈராக்லேருந்து வந்த அப்துல் வாஹித் அஜீஸும் அதே 380 தான், ஆனா நம்மாளு உடம்பு எடை கம்மி, அதனால டானுக்கு வெள்ளி, அவருக்கு வெண்கலம். இன்னொரு கூத்து, ஈராக்குக்கு இன்னைக்கு வரைக்கும் ஒலிம்பிக்ஸ்ல கெடச்ச ஒரே மெடல் அது தான். ஒரே மேடையில பக்கத்துல பக்கத்துல நின்ன ரெண்டு பேரு, ரெண்டு நாட்டோட சரித்திரத்தையும் தூக்கிட்டு நின்னிருக்காங்க.

டான் 2024 டிசம்பர்ல 91 வயசுல எறந்துட்டாரு. அவர் பொறந்தது சீனாவுல இருக்குற சாந்தோ பக்கம், சின்னப் பையனா இருக்கும்போது குடும்பத்தோட சிங்கப்பூர் வந்தவர். இது ஏன் சொல்றேன்னா அடுத்த மெடலுக்கு 48 வருஷம் ஆச்சு, அது வந்தப்ப இங்க நடந்த பேச்ச நான் நேர்ல கேட்டேன்.

2008 பெய்ஜிங். பெண்கள் டேபிள் டென்னிஸ் டீம், லி ஜியாவெய், ஃபெங் தியன்வெய், வாங் யுவெகு. செமில கொரியாவ 3-2ன்னு கடைசி மேட்ச் வரைக்கும் இழுத்து ஜெயிச்சு, ஃபைனல்ல சீனாகிட்ட தோத்து வெள்ளி. மூணு பேருமே சீனாவுலேருந்து கூட்டிட்டு வந்து குடியுரிமை குடுத்தவங்க. 1993லேருந்தே வெளிநாட்டு வீரர்கள இப்படி எடுக்குறதுக்கு ஒரு திட்டம் இருக்கு. மறுநாள் கோப்பிக்கடைல எங்க மேசைல ஒரே சண்டை, ஒரு டாக்சி ஓட்டுற அங்கிள் "இது எப்படி நம்ம மெடல், காசு குடுத்து வாங்குனது"ங்குறாரு, அந்தக் கடைல கோப்பி போடுறவரு மலேசியாலேருந்து தினமும் பாலம் தாண்டி வர்றவரு, மேசை தொடைக்கிற ஆண்ட்டி சீனாக்காரங்க, கேட்டுட்டு உக்காந்திருந்த நான் எம்ப்ளாய்மெண்ட் பாஸ்ல வந்தவன். நானும் இறக்குமதி தானே, நான் என்னத்தச் சொல்ல, டீய குடிச்சிட்டு எந்திரிச்சிட்டேன். ஆனா டானும் சீனாவுல பொறந்தவரு தானேன்னு அன்னைக்கு யாரும் சொல்லல, எனக்கும் அப்ப தெரியாது. தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பேன். 2012 லண்டன்ல ஃபெங் தனிநபர்ல ஒரு வெண்கலம், டீம்ல ஒரு வெண்கலம் எடுத்தப்ப பேச்சு கொஞ்சம் தணிஞ்சிருந்துச்சு, தனிநபர் மெடல்னு பாத்தா டானுக்கு அப்புறம் 52 வருஷம் கழிச்சு வந்தது.

நடுவுல நம்மாளுங்களப் பத்தி சொல்லாம போனா எனக்குத் தூக்கம் வராது. சி. குணாளன். கனகசபை குணாளன், வாத்தியார், 1966 பாங்காக் ஏசியன் கேம்ஸ்ல 100 மீட்டர்ல வெள்ளி, தங்கம் எடுத்தது மலேசியாவோட எம். ஜெகதீசன், அவரும் தமிழர் தான், ஆசியாவோட வேகமான ரெண்டு பேரும் அன்னைக்கு நம்ம பசங்க, இத நம்ம ஊர்ல எத்தனை பேருக்குத் தெரியும்? 1964 டோக்கியோல சிங்கப்பூர் மலேசியாவோட சேந்து இருந்ததால குணாளன் ரிலேல மலேசியாவுக்கு ஓடுனாரு, 1968 மெக்சிகோல சிங்கப்பூருக்கு ஓடுனாரு. வீடு மாறாமயே நாடு மாறிப் போன ஆளு. அந்த மெக்சிகோல ஓடுன 10.38 செகண்ட் 33 வருஷம் தேசிய சாதனையா நின்னுச்சு, 2001ல யு.கே. ஷ்யாம் 10.37 ஓடி ஒரே ஒரு நூறுல ஒரு பங்கு செகண்ட்ல ஒடச்சாரு. அதே மாதிரி பி.சி. சுப்பையா, வெறுங்காலோட ஓடுறவர், 1972 மியூனிக்ல 10,000 மீட்டர். கே. ஜெயமணி, 1983ல இங்கயே நடந்த ஸீ கேம்ஸ்ல, அதாவது தென்கிழக்கு ஆசிய விளையாட்டுல, பெண்கள் மாரத்தான் தங்கம். மெடல் லிஸ்ட்ட மட்டும் பாத்தா இவங்க யாரும் தெரிய மாட்டாங்க.

இப்ப 2016. ஆகஸ்ட் 13, சனிக்கிழமை காலை, தேசிய தினம் முடிஞ்சு நாலு நாளு, புளோக்ல எல்லாம் கொடி அப்படியே தொங்குது. ஒம்போது மணி வாக்குல கீழ கடைல டிவி முன்னாடி நிக்கிறோம், 100 மீட்டர் பட்டர்ஃபிளை நீச்சல், ஜோசப் ஸ்கூலிங் நாலாவது லேன்ல. ஐம்பதே செகண்டு. 50.39, ஒலிம்பிக் ரெக்கார்டு, தங்கம். பின்னாடி மூணு பேரு ஒரே நேரத்துல 51.14ன்னு தொட்டு மூணு பேருக்கும் வெள்ளி, அதுல ஒருத்தர் அமெரிக்காவோட நீச்சல் ஜாம்பவான் மைக்கேல் ஃபெல்ப்ஸ். 2008ல பெய்ஜிங் போற வழில அமெரிக்க டீம் இங்க ட்ரெய்னிங்குக்கு வந்தப்ப, 13 வயசு ஸ்கூலிங் கண்ணாடி போட்டுக்கிட்டு ஃபெல்ப்ஸ் பக்கத்துல நின்னு எடுத்த போட்டோ அன்னைக்கு எல்லார் போன்லயும் வந்துச்சு. 2008ல சண்டை போட்ட அதே டாக்சி அங்கிள் அழுதாரு, என் தோள்ல கை போட்டு "தம்பி, ஃபர்ஸ்ட் டைம்"னு திரும்பத் திரும்பச் சொன்னாரு. லாயிட் வால்பர்க் பேர ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேன்ல, ஸ்கூலிங்குக்கு அவரு தாத்தா முறை.

(ஃபர்ஸ்ட் டைம்னு அங்கிள் சொன்னது கூட முழுசா சரியில்ல. மாற்றுத்திறனாளிகளுக்கான பெய்ஜிங் பாராலிம்பிக்ஸ்ல 2008லயே யிப் பின் சியூ நீச்சல்ல தங்கம் எடுத்தாச்சு, 2024 வரைக்கும் மொத்தம் ஏழு தங்கம் அந்தம்மா கிட்ட. 2016ல ஒலிம்பிக் தங்கத்துக்கு 10 லட்சம் டாலர் பரிசு, பாராலிம்பிக் தங்கத்துக்கு 2 லட்சம். நாட்டுலயே அதிகம் தங்கம் வெச்சிருக்குற ஆள விட்டுட்டுத் தான் நம்ம "ஏன் மெடல் கம்மி"ன்னு பேசிட்டு இருக்கோம். பரிசு தொகைய அப்புறம் ஏத்துனாங்க.)

கடைசி மெடல் பாரிஸ் 2024, மேக்ஸ் மேடர், 17 வயசு, பெரிய பட்டத்துல காத்தப் புடிச்சு பலகை மேல நின்னு கடல்ல போற போட்டி. காத்து இல்லாம போட்டி தள்ளிப்போய்த் தள்ளிப்போய் கரெக்ட்டா ஆகஸ்ட் 9, தேசிய தினத்தன்னைக்கு வெண்கலம். சுவிஸ் அப்பா, சிங்கப்பூர் அம்மா, பையன் வளந்தது பெரும்பாலும் இந்தோனேசியாவுல ஒரு தீவுல.

இப்ப உங்க கேள்விக்கு வர்றேன். காசு இருக்கு, ஸ்டேடியம் இருக்கு, 2004லேருந்து விளையாட்டுக்குன்னே தனி ஸ்கூல் இருக்கு. இல்லாதது பையனோட 18லேருந்து 20 வயசு வரைக்கும் உள்ள நேரம். 1967லேருந்து இங்க ஆம்பளப் பசங்களுக்கு என்எஸ், அதாவது கட்டாய ராணுவ சேவை, ரெண்டு வருஷம். அந்த ஆறு மெடலயும் இப்ப திரும்பப் பாருங்க. டான் வாங்குனது என்எஸ் வர்றதுக்கு முன்னாடி. டேபிள் டென்னிஸ் மூணும் பொண்ணுங்க, அவங்களுக்கு என்எஸ் கிடையாது. ஸ்கூலிங் பள்ளிக்கூட வயசுலயே அமெரிக்கா போயி, ஃபுளோரிடா, அப்புறம் டெக்சாஸ் யூனிவர்சிட்டின்னு நீந்துனவன், அவங்க அப்பா அம்மா சொந்தக் காச கொட்டி, 2013ல போராடி என்எஸ்ஸ தள்ளி வெக்க அனுமதி வாங்குனாங்க, 2022 ஜனவரில தான் போயி சேந்தான். மேக்ஸுக்கு மெடல் வாங்கும்போது 18 ஆகல. ஆக பதினெட்டுல துப்பாக்கி தூக்கப் போயிட்டு, திரும்பி வந்து ஒலிம்பிக் மெடல் வாங்குன சிங்கப்பூர் பையன் இன்னும் ஒருத்தன் கூட இல்ல.

என்எஸ் வேணாம்னு நான் சொல்ல வரல, சுத்தி இருக்குற மேப்ப பாத்தாலே ஏன் வெச்சிருக்காங்கன்னு புரியும், என் பையனும் பிஆர் பிள்ளை, அவனுக்கும் உண்டுன்னு தெரிஞ்சு தான் பிஆர் வாங்குனேன். ஆனா நீச்சல்லயும் ஓட்டத்துலயும் உடம்பு ஏறுற வயசு அது தான்.

பதினெட்டுக்கு முன்னாடி மட்டும் நேரம் இருக்கான்னா அதுவும் இல்ல. பன்னண்டு வயசுல தொடக்கப்பள்ளி முடிக்கிற பிஎஸ்எல்இ பரீட்சை, பதினாறுல உயர்நிலைப்பள்ளி முடிக்கிற ஓ லெவல் பரீட்சை, நடுவுல கணக்கு ட்யூஷன், சயின்ஸ் ட்யூஷன், தமிழுக்கும் ட்யூஷன். எங்க பிள்ளை பின்தங்கிடுமோன்னு பயப்படுறத இங்க கியாசும்பாங்க, நானும் அந்தக் கியாசு அப்பன் தான், மறைக்க என்ன இருக்கு. ஓ லெவல் வருஷம் கோச்சுக்கு போன் போட்டு "சார், இந்த வருஷம் மட்டும் விட்டுடுங்க"ன்னு சொன்னவன் நான். அவரும் பழகுன ஆளு, "எல்லாரும் இதத் தான் சொல்றாங்க"ன்னு சிரிச்சிட்டு வெச்சுட்டாரு. அந்த வருஷம் அவனோட நேரம் மூணு செகண்ட் ஏறிப் போச்சு, 400ல மூணு செகண்ட்னா ஓடுறவங்களுக்குத் தெரியும் அது எவ்ளோ தூரம்னு.

இதெல்லாம் தாண்டியும் சில பேரு வர்றாங்க. ஷாந்தி பெரைரா 18 வயசுல 2015 ஸீ கேம்ஸ்ல 200 மீட்டர் தங்கம், அப்புறம் பல வருஷம் பெருசா ஒண்ணும் இல்ல, மக்கள் மறந்தே போயிட்டாங்க, 2023 ஹாங்சோ ஏசியன் கேம்ஸ்ல 100ல வெள்ளி, 200ல தங்கம். ஓட்டப்பந்தயத்துல சிங்கப்பூருக்கு ஏசியன் கேம்ஸ் தங்கம் 1974 டெஹ்ரான்ல சீ ஸ்வீ லீ எடுத்ததுக்கு அப்புறம் அப்ப தான் வந்துச்சு. எட்டு வருஷம் விடாம ஓடுற அளவுக்கு ஒரு பொண்ணுக்கு முடிஞ்சிருக்கு. அந்த ஃபைனல நானும் பையனும் சோபால உக்காந்து பாத்தோம், அவன் ஸ்டார்ட்ட மட்டும் ரீவைண்ட் பண்ணி நாலஞ்சு தடவ பாத்தான், நான் ஒண்ணும் பேசல.

2025 ஜனவரில அவன என்எஸ் அடிப்படைப் பயிற்சி நடக்குற தெக்கோங் தீவுக்குக் கொண்டு போய் விட்டோம். சாங்கிலேருந்து ஃபெர்ரி, அப்பா அம்மாவையும் கூட்டிட்டுப் போயி பசங்க படுக்குற எடம் எல்லாம் காட்டி மத்தியானம் சாப்பாடு போட்டு அனுப்புவாங்க, கோழி நல்லாத் தான் இருந்துச்சு. ரெண்டு வாரம் கழிச்சு ராத்திரி போன் பண்ணான், கொரல் கட்டிப் போயிருக்கு, சாப்டியா தூங்குனியான்னு கேட்டு முடிக்கிறதுக்குள்ள "அப்பா, 2.4 கிலோமீட்டர் ஓட்டம் வெச்சாங்க, எங்க பிளட்டூன்ல நான் தான் ஃபர்ஸ்ட்"டுன்னான்.