அப்பா செய்த மயில்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். எனக்குக் காவேரிப்பட்டணம் பக்கம். ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை. மகளுக்கு நான்கு வயது, எல்.கே.ஜி. படிக்கிறாள். பள்ளியில் மாதம் இரண்டு முறை ‘ஆக்டிவிட்டி’ என்று எழுதி அனுப்புகிறார்கள். போன வாரம் மயில் செய்து கொண்டுவரச் சொன்னார்கள். தெர்மாகோல், ஜிகினா, கலர் பேப்பர் எல்லாம் வாங்கி வந்து நானும் மனைவியும் ராத்திரி பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்து செய்தோம். பாப்பா ஒன்பது மணிக்கே தூங்கிவிட்டாள். மறுநாள் சாயங்காலம் வந்து, “அப்பா, உன் மயிலுக்கு ஸ்டார் குடுத்தாங்க” என்றாள். எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை.

அதற்கப்புறம் ஆன்லைனில் 799 ரூபாய்க்கு ஒரு கைவேலை கிட் வாங்கினேன். இருபது நிமிஷத்தில் முடித்துவிட்டு டிவி பக்கம் போய்விட்டாள். மாமியாரோ, “வெளையாட்டெல்லாம் எதுக்கு, அ ஆ எழுத வையுங்க” என்கிறார். எனக்கு லீவு கிடைப்பது ஒரு நாள். அந்த ஒரு நாளில் வீட்டில் இருப்பதை வைத்து அவளோடு என்ன செய்யலாம்? எனக்குக் கைவேலை எதுவும் வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

(பெயர் வேண்டாம் அக்கா)

அன்புள்ள தம்பி,

பாப்பா சரியாகத்தானே சொல்லியிருக்கிறாள்? மயில் உங்களுடையது, ஸ்டாரும் உங்களுடையது. இதற்குப் போய் வருத்தப்படாதீர்கள், நானும் இதே குற்றத்தைச் செய்தவள். என் மகன் யு.கே.ஜி. படித்தபோது ஐஸ் குச்சியில் தேர் கட்டினேன். அவன் ஆசையாகச் சக்கரத்தைத் தொட வந்தான். “தொடாத, ஒட்டினது இன்னும் காயலை” என்று கையைத் தட்டிவிட்டேன். இன்றைக்கு அவன் காலேஜ் படிக்கிறான். வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தக் கதையைச் சொல்லாமல் விடுவதில்லை.

உங்களுக்குக் கைவேலை வராது என்பது இந்த விஷயத்தில் நல்லதுதான். வந்தால் கை சும்மா இருக்காது, பிள்ளை செய்வதைத் திருத்தப் போய்விடும்.

என் அம்மா பென்னாகரம் பக்கத்தில் ஒரு கொட்டாயில் பால்வாடி டீச்சராக இருந்தார். அங்கன்வாடித் திட்டம் 1975 அக்டோபர் 2-ல் தொடங்கியது; அம்மா சேர்ந்தது அதற்குப் பல வருஷம் கழித்து. ஒரு ரூம், ஒரு ஆயா, முப்பது பிள்ளைகள். பொம்மை என்று சொல்ல ஒன்றும் கிடையாது. முறம், பழைய பேப்பர், புளியங்கொட்டை, வாசல் மண், இவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு மத்தியானச் சாப்பாடு வரும்வரை முப்பது பேரையும் அழாமல் வைத்திருந்தார். நான் சொல்லப்போவதில் பாதி அவர் செய்து பார்த்தது.

முதலில் பேப்பர். கத்தரிக்கோலைக் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள். தினசரித் தாள் ஒன்றைக் கொடுத்துக் கிழிக்கச் சொல்லுங்கள். விரித்த தாளை மேலிருந்து கீழாகக் கிழித்தால் ரிப்பன் மாதிரி நேராக வரும். குறுக்கே கிழித்தால் கோணல்மாணலாக எங்கேயோ இழுத்துக்கொண்டு போகும். காகிதம் தயாராகும்போது மிஷின் ஓடும் பக்கமாக நார்கள் படிந்துவிடுவதால் இப்படி. இதை அவளுக்கு விளக்க வேண்டியதில்லை. என் தங்கை மகள் நாலு வயதில் இதைத் தானே கண்டுபிடித்தாள். ஒரு பக்கம் கிழித்தாள், தாளைத் திருப்பினாள், மறுபடி கிழித்தாள், என்னை ஒரு பார்வை பார்த்தாள். “இந்தப் பக்கம் பேப்பர் சொன்ன பேச்சு கேக்குது, அந்தப் பக்கம் கேக்கல” என்றாள். அன்றைக்கு முழுக்க வீடு குப்பை. கிழித்த ரிப்பனை நனைத்துப் பிசைந்து உருண்டை பிடித்தாள், உருண்டைகளை ஜன்னல் திட்டில் வரிசையாகக் காயவைத்தாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

மாமியாருக்குச் சொல்ல ஒரு காரணம் வேண்டுமென்றால் இதைச் சொல்லுங்கள். நம் மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் இருக்கின்றன. பிறந்த குழந்தைக்கு அந்த எட்டும் வெறும் குருத்தெலும்பு. ஒவ்வொன்றாகத்தான் கெட்டிப்படும்; கடைசி எலும்பு கெட்டிப்படத் தொடங்கவே எட்டு வயதுக்கு மேல் ஆகிவிடும். நான்கு வயதுக் கையில் பென்சிலைத் திணித்து நாலு பக்கம் ‘அ’ எழுதச் சொன்னால் அது வலிக்கிறது என்று அழும், நாம் அதைச் சோம்பேறித்தனம் என்போம். கிழிப்பது, பிசைவது, கிள்ளுவது, துணி பிழிவது, பூண்டு உரிப்பது எல்லாம் அந்தக் கையைப் பென்சிலுக்குத் தயார்செய்யும் வேலைதான். பூண்டு உரிக்கச் சொன்னால் மாமியாருக்கும் ஆட்சேபம் இருக்காது.

எழுத்து வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு தாம்பாளத்தில் ஆற்று மணலோ ரவையோ பரப்பி விரலால் எழுதட்டும். திண்ணைப் பள்ளியில் நம் முன்னோர் மணலில் எழுதித்தான் கற்றார்கள். சென்னையில் அநாதைப் பிள்ளைகள் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் அதைப் பார்த்துவிட்டு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். 1797-ல் புத்தகமாகவும் போட்டார். மணல் எழுத்தும், பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லித்தருவதும் சேர்ந்த அந்த முறைக்கு அங்கே மெட்ராஸ் முறை என்றே பெயர். 1939-ல் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த மரியா மாண்டிசோரி, உப்புத்தாளில் எழுத்தை வெட்டி ஒட்டி விரலால் தடவவைத்தார். ரெண்டிலும் எழுத்து கண்ணுக்குப் போவதற்கு முன்பே விரலுக்குப் போகிறது. மணலில் இன்னொரு வசதி, தப்பாக எழுதினால் ஒரு தட்டு தட்டினால் போதும். சிவப்பு மை அங்கே ஓடாது.

புளியங்கொட்டை நம் பக்கத்தில் காசு கொடுத்து வாங்கும் பொருள் இல்லை. புளி தட்டும் நாளில் எந்த வீட்டு வாசலிலும் ஒரு முறம் கேட்டு வாங்கலாம். கழுவிக் காயவைத்து ஒரு டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள். அம்மா செய்த விளையாட்டு இது: ஒரு கைப்பிடி கொட்டையைத் தரையில் குவிக்க வேண்டும். பிள்ளை குனிந்து ஒரே ஊதாக ஊதும். தனியாகச் சிதறியதை, பக்கத்துக் கொட்டை அசையாமல் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். அசைந்தால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். எடுத்ததை ஐந்தைந்தாக வரிசை வைத்தால் எண்ணிக்கையும் தானாக வந்துவிடும். நீங்களும் குனிந்து ஊதுங்கள், தம்பி. ஷிஃப்ட் முடித்து வந்தவருக்கு நல்லது. வேண்டுமென்றே தோற்காதீர்கள், நாலு வயதுக்கு அது தெரிந்துவிடும்.

மாவு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. நம் ஊர் ராகி மாவில் பொம்மை செய்யலாம் என்று நானும் முயன்று பார்த்தேன். களி கிண்டத்தான் அது லாயக்கு. பசைத்தன்மை இல்லாததால் காய்ந்ததும் யானைக்குத் துதிக்கை விழுந்துவிட்டது, பிள்ளை அழுதது. கோதுமையோ மைதாவோதான் சரி. மாவு ரெண்டு டம்ளர், பொடியுப்பு ஒரு டம்ளர், தண்ணீர் ஒரு டம்ளருக்குக் கொஞ்சம் குறைச்சல், கடைசியில் ஒரு ஸ்பூன் எண்ணெய். சப்பாத்தி மாவு பதத்துக்கு அவளே பிசையட்டும். உப்பு இருப்பதால் மூடி வைத்தால் நாலைந்து நாள் கெடாது. வாயில் வைத்தால் கரிக்கும், துப்பிவிடுவாள்; துப்பாத பிள்ளையாக இருந்தால் பக்கத்தில் ஆள் வேண்டும், அவ்வளவு உப்பு உள்ளே போகக் கூடாது.

மாம்பழக் காலத்தில் கிருஷ்ணகிரிக்காரர் கைவேலைக்குக் கடைக்குப் போனால் அது பாவம். ஆனால் கூழ் ஃபாக்டரிக்குப் போகும் பெங்களூரா கொட்டையை எடுக்காதீர்கள். அதில் நார் கம்மி. நாட்டு மாங்கொட்டையைத் தேடுங்கள். சப்பித் தின்றுவிட்டு, கொட்டையை நன்றாகத் தேய்த்துக் கழுவி மூன்று நாள் வெயிலில் போட்டால் நார் பஞ்சாக எழும்பி நிற்கும். பழைய சீப்பைக் கொடுங்கள், வாரிவிடட்டும். தாடி வைத்த தாத்தா வந்துவிடுவார். கரித்துண்டால் ரெண்டு கண். எங்கள் வீட்டில் ஒரு வருஷம் இப்படிப் பதினோரு தாத்தாக்கள் பரணில் இருந்தார்கள், எல்லோருக்கும் ஒரே முகம், பதினோரு பெயர்.

சோளத்தட்டையில் வண்டியும் மூக்குக்கண்ணாடியும் செய்வதை உங்கள் அப்பாவிடம் கேளுங்கள், அவருக்குத் தெரிந்திருக்கும். தட்டையின் தோல் பிளேடு மாதிரி அறுக்கும். உரிப்பது பெரியவர் வேலை, உள்ளே இருக்கும் நெட்டியில் குத்தி மாட்டுவது பாப்பா வேலை. இந்த மாதிரி வீட்டுக் குப்பையில் பொம்மை செய்வதையே வாழ்நாள் வேலையாக வைத்துக்கொண்டவர் அரவிந்த் குப்தா. 2018-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். தீக்குச்சி, சைக்கிள் வால்வு ட்யூப், பழைய செய்தித்தாள் இவைதான் அவருடைய கிட். அவர் இணையதளத்தில் எல்லாம் இலவசம். ஆனால் நிறைய, கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கானவை.

ரெண்டு கொட்டைகளை மட்டும் வீட்டுக்குள் விடாதீர்கள். ஒன்று குன்றிமணி. சிவப்பும் கறுப்புமாக அழகாக இருக்கும், பொம்மைக்குக் கண் வைக்கலாம் என்று தோன்றும். உள்ளே இருப்பது கொடிய விஷம். ஓடு கெட்டி என்பதால் முழுசாக விழுங்கினால் தப்பிக்க வாய்ப்புண்டு. மென்றாலோ, ஊசியால் ஓட்டை போட்டுக் கோத்ததை வாயில் வைத்தாலோ ஆபத்து. இன்னொன்று ஆமணக்குக் கொட்டை, அதுவும் அப்படியே. அப்புறம் பொதுவாக, 3 சென்டிமீட்டருக்குக் குறைவான எதையும் மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளை கையில் கொடுக்க வேண்டாம். புளியங்கொட்டையும் அதில் சேர்த்திதான். பாப்பாவுக்குத் தம்பியோ தங்கையோ இருந்தால் விளையாடி முடித்ததும் எண்ணி டப்பாவில் போட்டுவிடுங்கள். பட்டாணி, கொட்டை எல்லாம் மூக்குக்குள் போய் ஆஸ்பத்திரிக்கு ஓடிய கதை எங்கள் தெருவிலேயே மூன்று உண்டு.

இனி பள்ளி. அடுத்த ஆக்டிவிட்டி வரும். யானையோ மரமோ கேட்பார்கள். அவள் கையால் செய்ததை அப்படியே அனுப்புங்கள். யானைக்கு மூன்று கால் இருந்தால் இருக்கட்டும். அதன் பின்னால் பாப்பா பெயரையும், செய்ய எவ்வளவு நேரம் ஆனது என்பதையும் எழுதிவிடுங்கள். ஸ்டார் கிடைக்காமல் போகலாம். டீச்சரைக் குறை சொல்லாதீர்கள், அவருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார், சுவரில் மாட்டி போட்டோ எடுத்துப் பெற்றோர் குரூப்பில் போட வேண்டிய கட்டாயம் இருக்கிறது.

இந்த வயதில் மனிதனை வரையச் சொன்னால் பெரும்பாலான பிள்ளைகள் ஒரு வட்டம் போட்டு அதிலிருந்தே நேராகக் காலை இறக்குவார்கள். உடம்பே இருக்காது. உலகம் முழுக்க இப்படித்தான். “வயிறு எங்க பாப்பா?” என்று கேட்க நாக்கு துடிக்கும், கேட்காதீர்கள். ஒரு லீவு நாளில் பர்கூர் பக்கம் மல்லப்பாடிக்குக் கூட்டிப் போங்கள். பாறையில் வெள்ளை நிறத்தில் பழங்காலத்து ஓவியங்கள் இருக்கின்றன, குதிரை மேல் ஆள் இருப்பது உட்பட. நாலு கோடுதான், குதிரை ஓடுகிறது. வீட்டுக்கு வந்ததும் அரிசி மாவைக் கரைத்து ஒரு கிண்ணத்தில் கொடுத்து, வாசல் சிமெண்ட் தரையையும் ஒதுக்கிக் கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று, நீங்கள் கேட்ட அந்த ஒரு நாளுக்கு. வெள்ளைத்தாளில் மஞ்சள் தூள் கரைசலைப் பூசிக் காயவையுங்கள். துணி சோப்பைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, காது குடையும் பஞ்சுக் குச்சியை அதில் தொட்டு மஞ்சள் தாளில் வரையச் சொல்லுங்கள். கோடு போன இடமெல்லாம் சிவக்கும். ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு செய்வதைத்தான் இங்கே சோப்பு செய்கிறது; சுண்ணாம்பு கண்ணுக்கு ஆகாது, அதனால் சோப்பு. சிவந்த இடத்தில் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டால் மறுபடி மஞ்சளாகிவிடும். இதை நீங்கள் முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். எலுமிச்சை மூடியைப் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்து உட்காருங்கள்.

கவுனில் மஞ்சள் படும். மனைவி சோப்பு போட்டால் அதுவும் சிவக்கும், பயந்துவிடப் போகிறார், முன்னாடியே சொல்லி வையுங்கள். நன்றாக அலசி ரெண்டு நாள் நேர் வெயிலில் போட்டால் போய்விடும்.

அன்புடன்,
அக்கா
தர்மபுரி