ஆடிப்பெருக்கு வாரத்தில் பாடம் நடக்குமா?

கேள்வி: பாபநாசம் பக்கம் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். ஆடிப்பெருக்கு, வேளாங்கண்ணிக் கொடியேற்றம், தீபாவளி, கந்தூரி என்று எது வந்தாலும் நாலு நாள் முன்னாலிருந்தே பிள்ளைகள் மனசு வகுப்பில் இல்லை. ‘விழாவையே பாடமாக்குங்கள்’ என்கிறார்கள். போர்ஷன் முடிக்கவே நேரமில்லை. வகுப்பில் மூன்று மதத்துப் பிள்ளைகளும் உண்டு. எப்படித் திட்டமிடுவது?

பதில்: விழாவிலிருந்து தொடங்கினால் சார்ட் ஒட்டுவதிலும் வண்ணம் தீட்டுவதிலும் இரண்டு பீரியட் போய்விடும். ஜூனிலேயே பாடப்புத்தகத்தையும் காலண்டரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். எப்படியும் நடத்தியாக வேண்டிய பாடம் எது, அதற்குக் கைகொடுக்கும் விழா எது என்று பாருங்கள். பருவத்துக்கு ஒன்று அமைந்தால் போதும். மற்ற விழாக்களைப் பிள்ளைகள் வீட்டில் கொண்டாடட்டும்.

உங்கள் ஊருக்கு ஆடிப்பெருக்கைவிட நல்ல விழா கிடைக்காது. மேட்டூர் அணையைக் குறுவை நெல் சாகுபடிக்கு வழக்கமாக ஜூன் 12-இல் திறப்பார்கள். தண்ணீர் போதாத ஆண்டுகளில் தள்ளிப்போகும். அணையின் நீர்மட்டமும் நீர்வரத்தும் தினமும் பேப்பரில் வருகின்றன. பள்ளி திறந்ததிலிருந்து தினம் ஒரு பிள்ளை அதைக் கரும்பலகை ஓரத்தில் எழுதட்டும். முழு மட்டம் 120 அடி. வாரம் ஒரு புள்ளி வைத்தால் ஆடி 18 வருவதற்குள், அதாவது ஆகஸ்ட் 3 வாக்கில், வரைபடம் தயார். பெருக்கல் கணக்கும் இதிலேயே இருக்கிறது. ஒரு கனஅடி ஏறக்குறைய 28 லிட்டர். விநாடிக்கு 10,000 கனஅடி திறந்தால் எத்தனை குடம்? குடத்தின் கொள்ளளவை முதலில் பிள்ளைகளே அளக்கட்டும்.

அடுத்தது காவிரி பிரியும் படம். முக்கொம்பில் கொள்ளிடம் பிரிகிறது. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிகிறது. அதற்குமேல் நீங்கள் வரையாதீர்கள். தன் வீட்டு வயலுக்குப் பாயும் வாய்க்கால் குடமுருட்டியில் பிரிகிறதா, அரசலாற்றிலா என்று அவரவர் வீட்டில் கேட்டு வந்து வரையட்டும்.

ஆடிப்பெருக்கு அன்றைக்கு வீட்டில் பச்சரிசி, வெல்லம் போட்டுக் காப்பரிசி கலப்பார்கள். அடுத்த வேலைநாளில் நான்கு கொட்டாங்கச்சியில் விதைநெல், பச்சரிசி, புழுங்கலரிசி, அவித்த நெல் என்று தனித்தனியாக ஈரத்துணியில் முடிந்து வையுங்கள். இரண்டு மூன்று நாளில் விதைநெல் மட்டும் வெள்ளையாக முளை விடும். அரிசி முளைக்காததற்குக் காரணம் எளிது: தீட்டும்போது முளைக்கருவும் தவிட்டோடு போய்விடுகிறது. உமி இருந்தும் அவித்த நெல் ஏன் முளைக்கவில்லை? இதற்குப் பதிலைச் சொல்லிவிடாதீர்கள். நெல் அவிக்கும் வீட்டுப் பிள்ளை ஒன்று இருந்தால் அதுவே சூடு என்று பிடித்துவிடும்.

மூன்று மதத்துப் பிள்ளைகளுக்கும் பொதுவாக நாள்காட்டிக் கணக்கே போதும். வழிபாட்டுக்குள் நீங்கள் போகவே வேண்டாம். வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 பெருவிழா; தேதி மாறாது. நாகூர் கந்தூரி ஹிஜ்ரி கணக்கில் வருவது. சந்திர ஆண்டுக்குச் சுமார் 354 நாள். 365-இல் கழித்தால் 11. கந்தூரி ஆண்டுதோறும் ஏன் முன்னால் நகர்கிறது என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். பொங்கல் சூரியக் கணக்கு. தீபாவளி அமாவாசையை ஒட்டி வந்தாலும் ஐப்பசிக்குள்ளேயே நிற்கும். அதை விளக்க, சில ஆண்டுகளில் ஒரு சந்திர மாதத்தைக் கூடுதலாகச் சேர்க்கும் அதிக மாதக் கணக்கு வரை போக வேண்டும், ஐந்தாம் வகுப்புக்கு வேண்டாம்.

பொங்கலுக்கு ‘அறுவடைத் திருநாள்’ கட்டுரை எழுதச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. டெல்டாவில் பல வயல்களில் அன்றைக்குச் சம்பா நின்றுகொண்டிருக்கும். எந்த வயல் அறுத்தாயிற்று, எது நிற்கிறது, எப்போது நட்டது என்று விசாரித்து எழுதினால் அது கட்டுரை. டிசம்பர் 22 கணித நாள். கும்பகோணத்தில் படித்த ராமானுஜன் பிறந்த நாள்தான், ஆனால் அரையாண்டுத் தேர்வு நேரம். ஜனவரியில் ஒரு மாயச் சதுரம் போடுங்கள்; எந்த வரிசையைக் கூட்டினாலும் ஒரே தொகை வரும் கட்டம் அது. முதல் வரிசையில் அவர் பிறந்த தேதி 22, 12, 18, 87, கூட்டினால் 139. திருவாரூர் ஆழித்தேருக்குப் போடும் முட்டுக்கட்டை உராய்வுக்கு அருமையான உதாரணம். அதை மேல்வகுப்பு ஆசிரியருக்கு விட்டுவிடுங்கள்.

விடுமுறை முடிந்து வந்ததும் ‘தீபாவளிக்கு என்ன டிரஸ், என்ன வெடி’ என்று மட்டும் எழுதச் சொல்லாதீர்கள். வாங்காத பிள்ளை பொய் எழுதும், அல்லது பேசாமல் உட்கார்ந்திருக்கும். வீட்டிலிருந்து காசு போட்டு வாங்கிவர வேண்டிய எதையும் கேட்காதீர்கள்.

விழாவுக்கு முந்தின நாள் புதுப் பாடம் எடுக்காமல் அளப்பது, வரைவது, கேட்டு வருவது என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளூர் விடுமுறைக்கு ஈடாகப் பெரும்பாலும் ஒரு சனிக்கிழமையை வேலைநாள் ஆக்குவார்கள். பிள்ளைகள் கொண்டுவந்த கணக்கையும் படத்தையும் வைத்துப் பாடத்தை முடிக்க அந்தச் சனிக்கிழமை சரியாக இருக்கும்.