ஓட்டில்லாதவர்களின் கோபம்

அன்புள்ள ஐயா,

என் மகனுக்கு 19 வயது. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். வேலை, சாதி, தேர்வு என்று எதைப் பேசினாலும் கோபம். ராத்திரி ஒரு மணிவரை போனில் யாரையாவது திட்டி எழுதிக்கொண்டிருக்கிறான். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கச் சொன்னால், "ஓட்டுப் போட்டு என்னப்பா ஆகப்போகுது" என்கிறான். இந்தக் கோபத்தால் அரசியலில் ஏதாவது நடக்குமா, இல்லை, அவன் தூக்கம்தான் கெடுமா?

செல்வராஜ்

அன்புள்ள செல்வராஜ்,

நடக்கும். நம் ஊரிலேயே நடந்திருக்கிறது.

1965 ஜனவரியில் என் மாமா மதுரையில் பி.யூ.சி. (கல்லூரிப் புகுமுக வகுப்பு) படித்துக்கொண்டிருந்தார். வயது 17. அந்தக் குடியரசு நாளிலிருந்து இந்தி ஆட்சிமொழியாக ஏறி அமரப்போகிறது என்று மாணவர்கள் கொதித்துப் போயிருந்தார்கள். 25ஆம் தேதி மதுரை ஊர்வலத்தில் மோதல் வெடித்தது. 27ஆம் தேதி அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராசேந்திரன் போலீஸ் சுட்டு இறந்தார். பிறகு மாநிலமே எரிந்தது. கும்பல்களின் கையில் காவலர்களும் உயிரிழந்தார்கள். அதை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்லக் கூடாது.

இரண்டு வருடம் கழித்துத் தேர்தல் வந்தது. விருதுநகரில் காங்கிரஸ் தலைவர் காமராஜரை, தி.மு.க. சார்பில் நின்ற மாணவர் தலைவர் பெ. சீனிவாசன் 1,285 வாக்கு வித்தியாசத்தில் தோற்கடித்தார். அண்ணா முதலமைச்சரானார். மாணவர்கள் ஆட்சியை மாற்றிவிட்டார்கள் என்று இன்றும் சொல்கிறோம். ஆனால் அன்று ஓட்டுப்போடும் வயது 21. என் மாமாவுக்கு அப்போது 19. ஊர்வலம் போன எத்தனையோ பேருக்கு ஓட்டே கிடையாது.

அப்புறம் எப்படி நடந்தது? அவர்கள் ஊருக்குப் போனார்கள். விடுமுறையில் மாமா எங்கள் கிராமத்துத் திண்ணைகளில் உட்கார்ந்து பேசினார். தாத்தா அதுவரை காங்கிரஸின் இரட்டைக் காளைச் சின்னத்தைத் தவிர வேறு எதிலும் முத்திரை குத்தாதவர். அவருக்கு மொழிப் பிரச்சினை பிடிபடவில்லை. "இந்தியெல்லாம் எனக்குத் தெரியாதுப்பா. படிக்கப் போன பிள்ளையைச் சுட்டது தப்பு" என்று மட்டும் சொன்னாராம். பாட்டிக்கு வேறு கோபம்: அரிசி கிடைக்கவில்லை. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற தி.மு.க. வாக்குறுதி அவர் காதில்தான் முதலில் விழுந்தது. மொழிக்காகக் கொதித்த மகனும் அரிசிக்கு வரிசையில் நின்ற தாயும் ஒரே பக்கம் சாய்ந்தார்கள். 1967இன் பலம் அதில்தான் இருந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்தப் பேச்சை வாங்கிக்கொள்ள ஊர்தோறும் தி.மு.க.வின் படிப்பகமும் கிளைக்கழகமும் ஏற்கெனவே இருந்ததும் முக்கியம்.

உங்கள் மகன் போனில் எழுதுவதை நான் குறைவாக நினைக்கவில்லை. 2017இல் ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்கு மெரினாவில் அத்தனை பேரைத் திரட்டியது போன்தான். ஆனால் அவன் இரவில் எழுதுவதைப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் அவனைப் போலவே கோபப்படுகிறவர்கள். உங்களிடம் பேசியிருக்கிறானா? அவன் பாட்டியிடம்? தெருமுனைக் கடைக்காரரிடம்? நீங்களும் அவன் தூக்கத்தைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன், எதற்கு இவ்வளவு கோபம் என்று ஒரு நாள் முழுசாக உட்கார்ந்து கேளுங்கள். குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

ஓட்டு வயது 18 ஆனது 1989இல்தான். என் மாமாவுக்கு 19 வயதில் கிடைக்காதது உங்கள் மகனுக்கு இருக்கிறது. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6 ஒன்றை அவன் மேசையில் வையுங்கள். என் தாத்தா கதையையும் சொல்லுங்கள்.

அன்புடன்.